முப்பத்தெட்டு மீன்

என் நண்பர் ஒருவர் பொதுப்பணித் துறையில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் வாய்க்காலோடும் மதகோடும் உறவாடியவர். தண்ணீரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அவருக்கு முதலில் வருவது சந்தேகம். பிறகு வருவது கணக்கு. மாலையில் வந்து காப்பி சாப்பிட்டுவிட்டு, அன்று நான் படித்தது என்ன என்று விசாரித்து, அதை மறுத்துவிட்டுப் போவார். அமெரிக்காவில் நெவாடா பாலைவனத்தில் ஒரு வெந்நீர்ச் சுனை இருக்கிறது, அதிலுள்ள மீன்களை 2025 பிப்ரவரியில் எண்ணிப் பார்த்தார்கள், முப்பத்தெட்டுதான் தேறியது என்று நான் சொன்னபோது அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"முப்பத்தெட்டாயிரமா?"

"இல்லை, முப்பத்தெட்டு."

"உலகத்திலேயேவா?"

"அது இயற்கையாக வாழ்கிற இடத்தில் அவ்வளவுதான்."

"அதனால் என்ன பிரயோஜனம், ஓய்?"

இந்தக் கேள்விக்கு அன்று சாயங்காலம் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். லாஸ் வேகாஸ் என்ற சூதாட்ட நகரத்திலிருந்து சுமார் 90 மைல் தள்ளி ஆஷ் மெடோஸ் என்று ஒரு பிரதேசம். சுற்றிலும் பொட்டல். அங்கே ஒரு சுண்ணாம்புக் கல் குன்றின் பக்கவாட்டில் பிளவு ஒன்று இருக்கிறது. அதற்கு டெவில்ஸ் ஹோல் என்று பெயர். பிசாசுக் குழி என்று நாம் சொல்லலாம். பிளவின் அடியில் தண்ணீர். வருஷம் முழுவதும் அதன் உஷ்ணம் 93 டிகிரி பாரன்ஹீட்; ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. முக்குளிப்பவர்கள் 400 அடிக்கு மேல் இறங்கிப் பார்த்தும் அடியைக் காணவில்லை. 1965ல் இரண்டு வாலிபர்கள் உள்ளே இறங்கினார்கள். அவர்களுடைய உடல்கள்கூடக் கிடைக்கவில்லை.

இத்தனை ஆழமான தண்ணீரில் ஓர் ஓரத்தில் மட்டும் பாறை மேடாக நிற்கிறது. நம் வீட்டுத் திண்ணையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். அதன்மேல் ஓரிரண்டு அடித் தண்ணீர். வெயில் படுவது அங்கேதான், பாசி படருவது அங்கேதான். மீன்கள் மேய்வதும் முட்டையிடுவதும் குஞ்சு பொரிப்பதும் அந்தத் திண்ணையில்தான். குளிர்காலத்தில் வாரக்கணக்காக நேர் வெயிலே விழாது. அப்போது மேலே பாறை இடுக்கில் தங்கும் கூகைகளின் எச்சமும், அவை கக்கிப் போடும் எலும்பும் மயிரும்கூட அந்தத் தண்ணீருக்கு உரம். கல்லுக்குள் இருக்கிற தேரைக்கும் படியளப்பவன் என்று கடவுளைச் சொல்லுகிறோம். இங்கே அவன் அளக்கும் படி மிகச் சின்னப் படி.

மீனும் சின்னதுதான். ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடலாம், குறையலாம். ஆண் மீன் நீலமாக மினுங்கும். ஆயுள் ஏறக்குறைய ஒரு வருஷம். மற்ற மீன்களுக்கு வயிற்றுப் பக்கம் ஒரு ஜோடித் துடுப்பு உண்டு. இதற்கு அது இல்லை. இந்த வம்சத்து மீன்கள் ஒன்றையொன்று துரத்தி விளையாடுவதைப் பார்த்து, கார்ல் ஹப்ஸ் என்ற விஞ்ஞானி நாய்க்குட்டிகளைப் போல இருக்கிறதே என்று 'பப்ஃபிஷ்' என்று பெயரிட்டாராம். விளையாட்டு என்று நாம் நினைப்பது அவற்றுக்கு எல்லைச் சண்டை. ஓர் அங்குல ஜந்துவுக்கும் இது என் பாகம், அது உன் பாகம் என்ற வழக்கு இருக்கிறது. அவை எத்தனை காலமாக அங்கே இருக்கின்றன என்பதில் பண்டிதர்களுக்குள்ளேயே தகராறு. பல ஆயிரம் வருஷம் என்கிறார் ஒருவர்; சில நூறுதான் என்கிறார் இன்னொருவர். எதுவானாலும், முதுகெலும்புள்ள பிராணிகளில் இவ்வளவு சிறிய இடத்தில் ஓர் இனம் முழுவதும் குடியிருப்பது வேறெங்கும் இல்லை என்கிறார்கள்.

இப்போது என்ஜினீயரின் கேள்விக்கு வருகிறேன். அதே கேள்வியை அந்த ஊர்க்காரர்களும் கேட்டார்கள். அதுவும் வயிற்றெரிச்சலோடு கேட்டார்கள். 1952ல் ஜனாதிபதி ட்ரூமன் பிசாசுக் குழியையும் அதைச் சுற்றி 40 ஏக்கரையும் அரசாங்கப் பாதுகாப்பில் சேர்த்திருந்தார். 1968ல் இரண்டரை மைல் தூரத்தில் இருந்த ஒரு பண்ணைக்காரர்கள் ஆழ்கிணறுகளில் பம்பு வைத்து இறைக்க ஆரம்பித்தார்கள். அவர்களுடைய பூமி 12,000 ஏக்கர். கோதுமையும் பார்லியும் மாட்டுத் தீவனமும் விளைந்தன. 80 பேருக்கு மேல் அங்கே சம்பளம் வாங்கினார்கள். பூமிக்கு அடியில் இருக்கும் தண்ணீருக்கு வேலி ஏது? இங்கே இறைக்க இறைக்க அங்கே இறங்கியது. குழியின் சுவரில் 1962ல் ஒரு செப்பு வளையத்தைப் பதித்து வைத்திருந்தார்கள், தண்ணீர் மட்டத்தை அளப்பதற்கு. பண்ணைக்காரர்கள் வருவதற்கு முன் தண்ணீர் அந்த வளையத்துக்கு 1.2 அடி கீழே நின்றது. 1972ல் 3.93 அடி கீழே. திண்ணையின் ஒரு பகுதி வெயிலில் காய ஆரம்பித்துவிட்டது. திண்ணை காய்ந்தால் பிரசவத்துக்கு இடமில்லை.

வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. 1976ல் நீதிபதிகள் அத்தனை பேரும் ஒருமுகமாக மீனின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். நிலத்தை ஒதுக்கியபோதே அதன் நோக்கத்துக்கு வேண்டிய தண்ணீரையும் ஒதுக்கியதாகத்தான் அர்த்தம் என்பது சாரம். வளையத்துக்கு 2.7 அடிக்குக் கீழே மட்டம் இறங்கக் கூடாது என்று பிறகு கோர்ட் முடிவு செய்தது. அந்த நாளில் நெவாடாவில் கார்களின் பின்புறத்தில் இரண்டு விதமான ஒட்டுச் சீட்டு இருந்ததாம். ஒன்று, மீனைக் காப்பாற்று என்றது. இன்னொன்று, மீனைக் கொல்லு என்றது.

கொல்லு என்று ஒட்டியவர்களை அரக்கர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடன் வாங்கிக் கிணறு வெட்டியவனிடம் போய், உன் பயிரைவிட ஓர் அங்குல மீன் பெரிது என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? கோபப்படாவிட்டால்தான் ஆச்சரியம். நகரத்தில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு மீனுக்காக உருகுவது சுலபம். அதற்கு நான் கொடுக்கும் விலை ஒன்றுமில்லை. தர்மத்தைப் பேசுகிறவன், அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

'அதனால் என்ன பிரயோஜனம்' என்ற கேள்விக்குப் பிரசித்தமான ஒரு பதில் இருக்கிறது. ஃபில் பிஸ்டர் என்று கலிபோர்னியாவில் மீன் இலாகா அதிகாரி ஒருவர் இருந்தார். இந்த மீனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டவர்களிடம், உங்களால் என்ன பிரயோஜனம் என்று அவர் திருப்பிக் கேட்பாராம். கேட்கச் சுவையாக இருக்கிறது. நானும் அதை என்ஜினீயரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"என்னாலா? என்னால் நாலாயிரம் ஏக்கர் பாசனம் ஆயிற்று" என்றார் அவர் சளைக்காமல்.

அவரை வாதத்தில் மடக்குவது கஷ்டம். ஆனால் அந்தப் பதிலில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அவர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆயிற்று. இப்போது யாருக்கும் அவர் பாசனம் செய்துகொடுப்பதில்லை. ஆனாலும் அவர் மாலையில் வராத நாள் எனக்கு நாளாகத் தோன்றுவதில்லை. பிரயோஜனம் தீர்ந்த பிறகும் ஒருவர் இருப்பதை நாம் விரும்புகிறோமே, அதற்கு என்ன கணக்கு? அம்மாவின் பிரயோஜனம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. கேட்கக்கூடாது என்பதில்லை, கேட்கத் தோன்றுவதில்லை. எதனிடத்தில் அந்தக் கேள்வி தோன்றுகிறது, எதனிடத்தில் தோன்றவில்லை என்பது நம்முடைய உறவைப் பொறுத்தது. மீனுக்கும் நமக்கும் உறவில்லை, ஆகவே கேட்கிறோம். உறவில்லாததாலேயே ஒன்று அழியலாம் என்று தீர்ப்பு எழுத நமக்கு அதிகாரம் உண்டா என்பதுதான் என் சந்தேகம். பண்ணைக்காரனுக்குப் பயிர் விளைவிக்க உரிமை உண்டு. ஆனால் அவன் இறைத்தது அவன் கிணற்று நீர் மட்டும் அல்லவே. அந்த இனத்துக்கு இன்னொரு திண்ணை கிடையாது. அவனுக்கு இன்னொரு பயிர், இன்னொரு பூமி, குறைந்தபட்சம் நஷ்டஈடு உண்டு. தராசில் இதையும் போட்டுத்தான் நிறுக்க வேண்டும். அப்படி நிறுத்தால் தீர்ப்பு சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. பண்ணைக்காரனுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் வரும்.

என்ஜினீயர் இதை ஒருவாறு ஒப்புக்கொண்டார். ஆனால் அடுத்த கேள்வி போட்டார். அதுதான் உண்மையிலேயே என்னைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி.

"சரி ஓய், மீன் வேண்டும், தண்ணீரும் வேண்டும். ஒரு நல்ல கண்ணாடித் தொட்டி கட்டி, ஹீட்டர் போட்டு, மீனை அதில் விட்டுவிடுகிறது. தண்ணீரை விவசாயிக்குக் கொடுத்துவிடுகிறது. இதற்குப் போய்ச் சுப்ரீம் கோர்ட்டா?"

செய்து பார்க்காமல் இல்லை. 1972ல் ஹூவர் அணைக்குக் கீழே ஒரு சிமிண்டுத் தொட்டி கட்டி, சில மீன்களைக் கொண்டுபோய் விட்டார்கள். மீன்கள் பிழைத்தன, பெருகின. ஆனால் உருவம் மாறிவிட்டது, உடல் பருத்துவிட்டது. புக்ககத்தில் வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைத்த பெண்ணைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு தொட்டியில் அக்கம்பக்கத்துச் சுனையைச் சேர்ந்த இன்னொரு வகை மீன் எப்படியோ கலந்து, பரம்பரையே கலப்பாகிவிட்டது. இந்த வம்சத்தில் இது பெரிய அபாயம். இரண்டு வகையை ஒரு தொட்டியில் வைத்தால் ஜாதி பார்க்காமல் கலந்துவிடும். வீட்டில் தொட்டி வைத்து இவற்றை வளர்ப்பவர்கள் ஒவ்வொரு வகைக்கும் தனித் தொட்டி வைப்பது அதனால்தான்.

2006ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இன்னும் வேடிக்கையானது. பக்கத்து ஆற்றைச் சேர்ந்த, நாலு பேரைப்போல் வயிற்றுத் துடுப்பு உள்ள வகையின் குஞ்சுகளுக்குத் தீனியைக் குறைத்து வளர்த்தார்கள். தைராய்டு சுரப்பியின் ரசத்தையும் தடுத்துப் பார்த்தார்கள். சில குஞ்சுகள் பெரிய தலையும் சிறிய உடலுமாக, வயிற்றுத் துடுப்பே இல்லாமல், பிசாசுக் குழி மீனைப் போலவே வளர்ந்தன! அப்படியானால் மீனை மீனாக்கியது எது? அதன் ரத்தமா, அல்லது அந்தக் குழியின் பட்டினியா? குழியை விட்டு எடுத்து, வயிறாரப் போட்டு வளர்த்தால், நாம் காப்பாற்றியது அந்த மீனைத்தானா, அதன் பெயரை மட்டுமா?

மனுஷர்களுக்கும் இது பொருந்துமோ என்று ஒரு கணம் யோசித்தேன். கஷ்டப்பட்டவனைச் சுகத்தில் வைத்தால் ஆளே மாறிவிடுகிறான் என்கிறோம். அதற்காக அவனைக் கஷ்டத்திலேயே விட்டுவைக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா? உவமையை நீட்டினால் விபரீதமாகப் போகும். மீனோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தொட்டியே கூடாது என்று சொல்லிவிடலாமா என்றால், அதுவும் முடியவில்லை. மெக்ஸிகோவில் எல் பொடோஸி என்று ஒரு சுனை இருந்தது. அதில் இந்த வம்சத்தைச் சேர்ந்த இரண்டு வகை மீன்கள். விவசாயத்துக்கு இறைத்து இறைத்துச் சுனை வற்றிவிட்டது. 1990களில் இரண்டுமே அங்கே இல்லாமல் போய்விட்டன. ஆனால் அதற்கு முன் சிலர் கொஞ்சம் மீன்களைத் தொட்டிகளுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு வகை மீன்காட்சி நிலையங்களிலும், பொழுதுபோக்காக மீன் வளர்ப்பவர்கள் வீட்டிலும் இன்னும் ஜீவித்திருக்கிறது. மற்றொன்று தொட்டிக்கு ஒத்துவரவில்லை. வளர்த்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான், என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை குறைந்தது. 2014ல் கடைசி மீனும் செத்தது. ஓர் இனத்தின் கடைசி ஜீவனை வைத்திருப்பவர் காலையில் எழுந்து தொட்டியைப் பார்க்கும்போது எப்படி இருந்திருக்கும்! தீனி போட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். போடுவதில் அர்த்தமில்லை என்பதும் தெரியும்.

இன்னொரு பக்கம் கலிபோர்னியாவில் டெகோபா என்ற ஊரில் வெந்நீர் ஊற்றுகள். 1960களில் அங்கே வருகிறவர்களுக்கு ஸ்நான அறைகளைப் பெரிதாக்கிக் கட்டி, இரண்டு ஊற்றின் ஓட்டத்தை ஒன்றாகத் திருப்பிவிட்டார்கள். அங்கிருந்த மீனை 1970க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. 1982ல் ஆபத்திலுள்ள பிராணிகளின் பட்டியலிலிருந்து அதன் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆபத்து நீங்கியதால் அல்ல. அந்த மீனை யாரும் ஒரு தொட்டியில் எடுத்து வைத்திருக்கவில்லை.

ஃபில் பிஸ்டரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவருடைய பெயர் நிலைத்தது அந்தச் சாமர்த்தியப் பதிலால் அல்ல, இரண்டு வாளியால். 1969 ஆகஸ்டில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் ஒரு குட்டை வற்றிக்கொண்டிருந்தது. ஓவன்ஸ் பப்ஃபிஷ் என்ற இனத்தில் மிச்சமிருந்தது அதில் இருந்த எண்ணூறு சொச்சந்தான். அவரும் சகாக்களும் ஓடிவந்து மீன்களை வலையில் பிடித்து, பக்கத்து ஓடையில் வலைக் கூண்டுகளில் விட்டார்கள். வேலை முடிந்தது என்று மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். அவர் மட்டும் கடைசியாக ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று திரும்பினார். ஓட்டமில்லாத இடத்தில் மூச்சுத் திணறி மீன்கள் சாக ஆரம்பித்திருந்தன. பிழைத்தவற்றை இரண்டு வாளியில் அள்ளிக்கொண்டு, இருட்டும் நேரத்தில், வளையும் முள்கம்பியும் நிறைந்த சேற்றுத் தரையில் தனி ஆளாக நடந்தார். கால் தடுக்கினால் ஓர் இனமே தரையில் சிந்திவிடும். தடுக்கவில்லை. அவர் 2023ல் காலமானார். அந்த மீன் இருக்கிறது.

வாளி என்பது என்ன? அதுவும் ஒரு தொட்டிதான். சின்னத் தொட்டி. அந்த வேளையில் அவரிடம் போய், வாளியில் இருப்பது உண்மையான மீனா என்று விசாரித்திருந்தால் நல்ல உதை கிடைத்திருக்கும்.

பிசாசுக் குழி மீனுக்கும் இப்போது பெரிய தொட்டி ஒன்று இருக்கிறது. 2013ல் குழியில் எண்ணிக்கை 35க்கு இறங்கியது. அதே ஆண்டில் பக்கத்திலேயே ஒரு லட்சம் காலன் பிடிக்கும் தொட்டி தயாராயிற்று. அந்தத் திண்ணையையே அச்சாகச் செய்து உள்ளே வைத்தார்கள். குழியில் எந்த மாதம் எவ்வளவு வெயில் விழுமோ, அதே அளவு விழும்படி கூரையை அமைத்தார்கள். வெப்பத்தை மட்டும் சற்றுக் குறைத்து, பிராணவாயுவைச் சற்றுக் கூட்டினார்கள். இவ்வளவு செய்தவர்கள், குழியில் உள்ளதெல்லாம் இங்கேயும் இருக்கட்டும் என்று அங்கே வசிக்கும் பூச்சிகளையும் கொண்டுவந்து விட்டார்கள். அதில் ஒரு சின்ன வண்டு. குழியில் இருந்தபோது சாதுவாக இருந்த வண்டு, தொட்டியில் ஏகமாகப் பெருகி, முட்டையையும் குஞ்சையும் தின்ன ஆரம்பித்துவிட்டது! பிறகு முட்டைகளைத் தனியே எடுத்துப் பொரிக்க வைக்க வேண்டியதாயிற்று. பிரதி எடுக்கிறவன் மூலத்தை எவ்வளவு விசுவாசமாகப் பின்பற்றினாலும் எங்கேயோ ஓர் இடத்தில் அது வேறு புத்தகமாகிவிடுகிறது.

காப்பாற்றுகிறவன் கை தவறுவது இது முதல் தடவையல்ல. 2004ல் ஆராய்ச்சிக்காக வைத்திருந்த கண்ணாடிப் பொறிகளை வெள்ளம் அடித்துக்கொண்டுபோய்க் குழிக்குள் தள்ளி, சுமார் 80 மீன்கள் மாண்டன. அன்பு என்ற பெயரில் நடந்ததுதான். வேலி போட்டார்கள், காமிரா வைத்தார்கள். 2016ல் குடித்துவிட்டு மூன்று பேர் வேலியேறிக் குதித்து, ஒருவன் நீந்தியும் குளித்தான். பிறகு ஒரு மீன் செத்து மிதந்தது. அவனுக்கு ஓராண்டுச் சிறை. இப்போது குழியில் உள்ள மீன்களுக்கு வெளியிலிருந்து தீனியும் போடுகிறார்கள்.

இதைச் சொன்னதும் என்ஜினீயர் பிடித்துக்கொண்டார்.

"வேலி, காமிரா, தீனி, கோர்ட் உத்தரவுப்படி தண்ணீர் மட்டம். அப்புறம் குழிக்கும் தொட்டிக்கும் என்ன வித்தியாசம், ஓய்? குழியே ஒரு தொட்டி ஆகிவிட்டதே!"

எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் முழுதாக வரவில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லலாம். தொட்டியில் மின்சாரம் நின்றால் மீன் போய்விடும். யாரோ ஒருவன் ஒவ்வொரு நாளும் வரவேண்டும். குழியில் நாம் செய்யவேண்டிய பெரிய காரியம், ஒன்றைச் செய்யாமலிருப்பது. இறைக்காமலிருந்தால் தண்ணீர் தானே நிற்கும். வெயில் தானே விழும். கூகை தானே வரும். தொட்டியில் வைப்பது காப்பது. குழியை விட்டுவைப்பது மரியாதை. இரண்டும் ஒன்றல்ல, ஆனால் எப்போதும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சௌகரியம் நமக்குக் கிடைப்பதில்லை. தண்ணீரை எடுத்துக்கொண்டு மீனுக்குத் தொட்டி கட்டித் தருகிறேன் என்பவனை நான் நம்பமாட்டேன். வீட்டைப் பிடுங்கிக்கொண்டு சத்திரத்தில் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்கிறவன் அவன். வீட்டில் நெருப்புப் பிடித்தால் பிள்ளையைச் சத்திரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் வேறு.

நெருப்புப் பிடிக்கத்தான் செய்தது. 2022 இலையுதிர்காலத்தில் 263 மீன்கள், 2024 வசந்தத்தில் 191 என்று நிலைமை தேறிவந்தது. 2024 டிசம்பரிலும் அடுத்த பிப்ரவரியிலும் பூகம்பம். எங்கேயோ தூரத்தில் பூமி அசைந்தால் இந்தக் குழியில் அலை எழும். அது அதன் சுபாவம். அலை திண்ணையைக் கழுவிவிட்டது. பாசியும் முட்டைகளும் ஆழத்துக்குப் போய்விட்டன. எண்ணிப் பார்த்தபோது மிஞ்சியது 38. அப்போது அந்தப் பெரிய தொட்டியிலிருந்து 19 மீன்களை எடுத்துக் குழியில் விட்டார்கள்.

அந்தப் பத்தொன்பதும் நிஜக் குழியில் பிறந்தவையல்ல. சற்றே குளிர்ந்த தண்ணீரில், நிழற்கூரையின் கீழ், மனுஷன் போட்ட தீனியைத் தின்று வளர்ந்தவை. அவை இறங்கியது தொட்டியில் செய்துவைத்திருந்த நகலின் அசல் திண்ணை. அதற்கு அப்பால் நானூறு அடி இருட்டு.

எண்ணிக்கை எடுப்பது வருஷத்துக்கு இரண்டு தடவை. முக்குளிப்பவர்கள் விளக்கோடு கீழே இறங்கி எண்ணுவார்கள். திண்ணையில் இருப்பதை மேலே இருப்பவர்கள் எண்ணுவார்கள். இதை விவரித்தபோது என்ஜினீயர் வழக்கம்போல் குறுக்கிடாமல் கேட்டார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அடுத்த தடவை எண்ணும்போது அந்தப் பத்தொன்பதையும் சேர்த்தா எண்ணுவார்கள், தனியாகவா?"

"சேர்த்துத்தான் எண்ணவேண்டும்" என்றேன்.

அவர் அதை மறுக்கவில்லை. "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.